மறைத்து வைத்த மதிப்பெண்

பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பல இல்லங்களில் ஓர் இறுக்கமான அமைதி குடிகொள்கிறது. "ரிசல்ட் வந்துவிட்டதா?" எனத் தந்தை கேட்கிறார். "இன்னும் வரவில்லை அப்பா" என்கிறான் மகன். முடிவு வந்து மூன்று நாள் ஆகியிருக்கும். முதற்பருவத்தில் இரண்டு தாள்களாக இருந்த அரியர் நான்காம் பருவத்திற்குள் ஏழாகப் பெருகிவிடுகிறது. அது பெருகப் பெருக, வாய்திறந்து சொல்லும் துணிவு குறைகிறது. கல்லூரிக்கென்று புறப்பட்டுப் பேருந்து நிலையத்திலேயே பகற்பொழுதைக் கழித்துத் திரும்புகிறவர்களும் உண்டு. தாயின் நகை அடகுக் கடையில் இருப்பது அவனுக்குத் தெரியும். தெரிவதனால்தான் சொல்ல முடியவில்லை.

இவன் செய்தது பாவமா? நம்மில் பலர் 'சோம்பேறி' என்னும் ஒரே சொல்லில் தீர்ப்பை எழுதிவிடுகிறோம். தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பலும் ஒன்று என மறைக்கல்வியில் மனப்பாடம் செய்தவர்களாயிற்றே நாம்! ஆனால் புனித தாமஸ் அக்குவினாஸ் அதனை உடலின் மந்தமாக மட்டும் கருதவில்லை. ஆன்மீக நன்மையைக் கண்டே மனம் துயருற்று, நற்செயலைத் தொடங்கவும் இயலாமல் சுருங்கும் நிலை என விளக்குகிறார். அவர் பேசியது இறைவனுக்குரியவை பற்றி; எனினும் புத்தகத்தைத் திறந்தவுடன் நெஞ்சு கனத்து மூடிவைக்கும் மாணவனின் உள்ளத்தையும் இவ்விளக்கம் தொடுகிறது. துயரத்தால் தளர்ந்தவனை வசைமொழியால் எழுப்ப முடியுமா?

அத்துயரத்திற்கு நம் பகுதியில் பெரும்பாலும் மொழியே வாயில். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவன், கல்லூரியில் முதல் வாரமே ஆங்கில விரிவுரைக்குள் தள்ளப்படுகிறான். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியல், இயந்திரவியல் ஆகியவற்றைத் தமிழ்வழியில் தொடங்கியது. அவ்வாய்ப்பு எல்லாப் பாடங்களுக்கும் கிட்டவில்லை. கணக்குப் புரிகிறது, வினா புரியவில்லை. இதை அறிவுக்குறை என்பது அநீதி.

கணிதமேதை இராமானுஜனும் இவ்வழியில் இடறியவரே. 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர வேறொன்றிலும் மனம் செல்லாமல் ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை பறிபோயிற்று. 1905-இல் பெற்றோரிடம் சொல்லாமலே விசாகப்பட்டினத்திற்கு ஓடிப்போனார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வு கைகூடவில்லை, 1907-இலும் தோல்வியே.

அவருடைய இன்னொரு பயணத்தை நம் பகுதியினர் நினைவில் வைப்பது தகும். 1910-இல் அவர் விழுப்புரம் வழியாக இரயிலில் திருக்கோயிலூர் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் அங்கே துணை ஆட்சியராக இருந்தார். காட்டுவதற்குப் பட்டம் எதுவுமில்லை. இருந்தவை கணிதக் குறிப்பேடுகளே. அவற்றை விரித்துக் காட்டி, ஓர் எழுத்தர் வேலை கேட்டார். குறிப்பேடுகளைப் புரட்டிய ஐயர், இத்தகையவரை வருவாய்த்துறையின் கடைநிலை வேலையில் புதைக்க மனம் இசையாமல், சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1912-இல் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலையும், 1914-இல் கேம்பிரிட்ஜ் பயணமும் அதன்பின் வந்தவை. முதற்பயணம் முகத்தை மறைக்க. இரண்டாவது குறிப்பேட்டைக் காட்ட. எஃப்.ஏ. தேர்வில் அவர் இறுதிவரை தேறவில்லை என்பதையும் மறக்கலாகாது. எல்லாருக்கும் பழைய தடமே வழியாவதில்லை.

"எம் பிள்ளை இராமானுஜனா, சாமி?" எனப் பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மேதையல்லாத ஒருவரைப் பார்ப்போம். உழவர் குடும்பத்துப் பிள்ளையான ஜான் மரிய வியான்னி, 1813-இல் லியோன் குருமடத்தில் இலத்தீன் வகுப்புகளைப் பின்பற்ற இயலாமல் சில மாதங்களிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அருட்பணியாளர் பாலே அவரைத் தம் இல்லத்தில் வைத்துத் தாய்மொழியான பிரெஞ்சில் மீண்டும் கற்பித்தார். தேர்வாளர்முன் அவர் ஒருமுறை வாயடைத்து நின்றபோதும் பாலே கைவிடவில்லை. பழகிய இடத்தில், பிரெஞ்சு மொழியில் மறுபடியும் வினவச் செய்தார். 1815-இல் குருவான அவரே பங்குக்குருக்களின் பாதுகாவலர். தேர்வு நீக்கப்படவில்லை, கவனியுங்கள். தேர்வுக்குச் செல்லும் வழிதான் செப்பனிடப்பட்டது. 2020-இல் பெருந்தொற்றின்போது கட்டணம் செலுத்திய அரியர் மாணவர்கள் தேர்ச்சி என அரசு அறிவித்தபோது மாணவர்கள் கொண்டாடினார்கள். அம்மகிழ்ச்சியைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆயினும் புரியாத பாடம் அறிவிப்பினால் புரிந்துவிடுவதில்லை.

மறைத்தது பொய்தான், பொய்க்கு அவன் பொறுப்பு. அப்பொய்யை அவனுக்குக் கற்பித்த அச்சத்திற்கு யார் பொறுப்பு? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை உணவுவேளைதோறும் எடுத்துரைத்த நாமாகவும் இருக்கலாம். செய்தித்தாள்களில் நாம் படிக்கும் கொடிய முடிவுகள் பல, சொல்ல ஓர் ஆள் கிடைக்காத இரவுகளில் நேர்ந்தவை.

ஆகவே, தாள்கள் எத்தனை எனத் தம்பி முதலில் ஒரு காகிதத்தில் எழுதட்டும். எழுதினால் ஏழு ஏழாகவே நிற்கும். எழுதாவிடில் எழுபதாகத் தோன்றும். எளிதான இரண்டை அடுத்த பருவத்திற்கென ஒதுக்கட்டும். துறை ஆசிரியர் ஒருவரிடம் நேரில் செல்லட்டும். தேறிய அண்ணன் ஒருவரிடம் மாலையில் தமிழிலேயே பாடம் கேட்கட்டும். ஆண்டுகள் சென்றும் அப்பாடத்தில் மனமே ஒட்டவில்லையெனில், வேறு படிப்போ தொழிலோ தேடுவதும் இழுக்கல்ல. அதற்குமுன், அந்தக் காகிதத்தைத் தந்தையின் கையில் கொடுக்க வேண்டும். தந்தை சினங்கொள்வார், அது இயல்பு. ஆனால் அன்றிரவும் அவனுக்கு வழக்கம்போல் தட்டு வைக்கப்பட வேண்டும்.