இறப்பவர் கூறும் இருவேறு சொற்கள்

இறக்குந் தறுவாயில் மனிதன் பொய்யுரையான் என்பது மிகப் பழைய நம்பிக்கை. இவ்வுலகில் இனிப் பெறுதற்கு ஒன்றுமில்லாதவனுக்குப் பொய்யினால் ஆவது யாது என்னும் தருக்கமும், இறைவன் முன்னிலைக்குச் செல்பவன் பொய்யோடு செல்லத் துணியான் என்னும் சமய அச்சமும் அந்நம்பிக்கையின் இரு தூண்களாயின. 1789 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விசாரிக்கப்பட்ட வுட்கொக் வழக்கிலே, மரணத்தின் அண்மை மனச்சாட்சியை நீதிமன்றச் சத்தியத்துக்கு ஒப்பக் கட்டுப்படுத்தும் எனக் கொள்ளப்பட்டது.

1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டமும், 1895 ஆம் ஆண்டின் இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டமும் தத்தம் 32 ஆம் பிரிவில் மரண வாக்குமூலத்துக்கு இடமளித்தன. ஆயின் கூறியவர் மரணத்தை எதிர்பார்த்திருத்தல் வேண்டும் என்ற ஆங்கில நிபந்தனையை அவை விதிக்கவில்லை. 2024 இல் இந்தியாவில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் இந்நிலை மாறவில்லை. எனவே சத்தியம் செய்யாத, குறுக்கு விசாரணைக்கு உட்படாத ஒரு கூற்று இங்குச் சான்றாவதற்குப் புனிதம் மாத்திரம் காரணமன்று, தேவையும் காரணமாகும். கொலையைக் கண்ட ஒரே சாட்சி பல வேளைகளில் கொலையுண்டவரே. அவர் வாயை அடைப்பின் கொலைஞனுக்கே நன்மை விளையும்.

இறந்தவர் ஒன்றுக்கொன்று முரணான இரு வாக்குமூலங்களை விட்டுச் சென்றிருப்பின் யாது செய்வது? தீக்காயங்களுடன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். அடுப்புத் தீ சேலையிற் பற்றியது என வைத்தியரிடம் அவள் கூறுகிறாள். மறுநாள், கணவனே தீ மூட்டினான் என நீதவானிடம் கூறுகிறாள். முதற்கூற்றின்போது கணவன் கட்டிலருகே நின்றிருக்கலாம்; தன் பிள்ளைகளை இனி யார் வளர்ப்பர் என்ற கவலையும் அவள் நாவைக் கட்டியிருக்கலாம். இரண்டாம் கூற்றின்போது அவளுடைய பிறந்தகத்தார் அருகிருந்து சொல்லிக் கொடுத்திருக்கவுங் கூடும். இறப்பவருக்கு இனிப் பெறுதற்கு ஒன்றுமில்லை என்ற எடுகோள் இங்கே தகர்கின்றது. அன்பும் அச்சமும் சினமும் இறுதி மூச்சுவரை மனிதரை விட்டு நீங்குவதில்லை.

இச்சிக்கலை இந்திய உச்ச நீதிமன்றம் பலமுறை எதிர்கொண்டுள்ளது. உண்மையானது எனக் காணப்படும் மரண வாக்குமூலம் ஒன்றே குற்றத்தீர்ப்புக்குப் போதும் என 1957 இல் குஷால் ராவ் வழக்கில் அது கூறியது. பல கூற்றுக்கள் இருப்பின் காலத்தால் முந்தியதற்கே முதன்மை தரல் வேண்டும் என 1982 இல் ஒரு வழக்கில் உரைத்தது. மத்தியப் பிரதேசத்திலிருந்து எழுந்த ஒரு மேன்முறையீட்டில், 2008 இல், வாக்குமூலங்களின் தொகையன்று, நம்பகத்தன்மையே வலுத் தருவது என்று கூறி, முரண்பாடு அடிப்படையானது எனக் கண்டு எதிரியை விடுவித்தது. இவற்றுள் மூன்றாவது நோக்கே அறிவுக்குப் பொருந்துவது. முந்திய சொல்லே மெய் என்பதும், பல முறை சொன்னதே மெய் என்பதும் ஆராயும் உழைப்பைத் தவிர்க்கும் குறுக்குவழிகளாகும். ஒவ்வொரு சொல்லும் எவர் முன்னிலையில், எந்நிலையில், எவ்வினாவுக்கு விடையாகப் பிறந்தது என்பதே வினவத்தக்கது.

அவ்வாறு வினவியும் ஐயம் நீங்காவிடின் எதிரியை விடுவித்தலே முறை. இறந்தவளை நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை கொன்றது என இதனைச் சிலர் கண்டிப்பர். அக்கண்டனத்தின் பின்னுள்ள வேதனை மதிக்கத்தக்கது. ஆயினும் மெய் பேசினாள் என நம்புதல் வேறு; பேசியது மெய் என நிறுவப்படுதல் வேறு. விடுதலைத் தீர்ப்பு அவளைப் பொய்யள் எனச் சொல்வதில்லை. அவளது இரு சொற்களுள் நமக்கு உவப்பானதைத் தேர்ந்து அதனால் ஒருவனைத் தண்டிப்பின், அங்கே பேசுவது அவள் அல்லள். அவள் வாயினூடாக நாமே பேசுகின்றோம்.

ஆனால் இவ்வளவுடன் அறக்கடன் தீர்ந்துவிடாது. எதிரிக்கு நன்மை பயக்கும் ஐயம் பெரும்பாலும் உயிரோடிருப்போரின் அசட்டையாற் பிறப்பது. உறவினரை அப்புறப்படுத்தாது கேட்டல், அவளுடைய சொற்களை விடுத்துத் தம் சொற்களில் எழுதுதல், அவள் தெளிந்த நிலையிலிருந்தாளா எனக் குறிக்காது விடுதல் ஆகியன அத்தகையன. தெளிந்த நிலை பிற சான்றால் நிறுவப்படின், வைத்தியரின் சான்றிதழ் இன்மை மாத்திரமே வாக்குமூலத்தை அழிக்காது என 2002 இல் அரசியலமைப்பு ஆயம் தீர்ப்பளித்தது. எனினும் அத்தீர்ப்பு எழுதுவோரின் பொறுப்பைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை.

இறப்பவர் தெய்வவாக்கு உரைப்பவர் அல்லர்; நம்மைப் போன்ற மனிதரே. அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை, அவர் சொன்ன அனைத்தையும் கண்ணை மூடி நம்புவதன்று. அவர் அச்சமின்றிப் பேசுதற்குரிய ஒரு தனிமையை அக்கட்டிலருகே உண்டாக்கித் தருவதாகும். அதனைச் செய்யத் தவறிய சமூகம், பின்னர் நீதிமன்றத்தைக் குறைகூறுதல் நேர்மையாகாது.