பெருந்தீனிப் பாவம் யார் கணக்கில்?

நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் தவமிருந்த துறவி எவாக்ரியுஸ், மனிதனைக் கெடுக்கும் எட்டுத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டார். அதில் முதலிடம் பெருந்தீனிக்கு. இரண்டு நூற்றாண்டுகள் கழித்துப் போப் கிரிகோரியின் ஏழு பெரும் பாவங்களிலும் அது இடம்பிடித்தது. தாந்தே தன் காவியத்தில் பெருந்தீனிக்காரர்களை நரகத்தின் மூன்றாம் வட்டத்தில், ஓயாத மழையில், சேற்றில் கிடத்தினார். தேவாலயங்களில் கூட்டம் குறைந்துவிட்ட இன்றைய ஐரோப்பாவிலும் இந்தத் தீர்ப்பு மட்டும் அழியவில்லை: பருத்த உடம்பென்றால் மன அடக்கம் இல்லை.

நான்கு வயதுக் குழந்தைக்கும் இதே தீர்ப்புதானா?

இங்கிலாந்தில் 2006 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் இருமுறை அளக்கிறார்கள். பள்ளியில் சேரும் 4-5 வயதில் ஒருமுறை, தொடக்கப் பள்ளியை முடிக்கும் 10-11 வயதில் மறுமுறை. 2022-23 கணக்குப்படி, சேரும் வயதில் உடல் பருமன் மிக வசதியான பகுதிகளில் 5.8 சதவீதம், மிக ஏழ்மையான பகுதிகளில் 12.4. முடிக்கும் வயதில் அது முறையே 13.1, 30.2. பள்ளி நாட்களில் இடைவெளி விரிந்துகொண்டே போகிறது.

சென்னையில் படம் தலைகீழ். இங்கே நடந்த ஆய்வில் அதிக எடை மிகுந்திருந்தது அரசுப் பள்ளிகளில் அல்ல, தனியார் பள்ளிகளில். வசதியான வீட்டுப் பிள்ளை லண்டனில் அடக்கத்தோடும் சென்னையில் பேராசையோடும் பிறக்கிறது என்று எந்த இறையியலாளரும் வாதாட மாட்டார். எந்தத் தின்பண்டம் யார் கைக்கு என்ன விலையில் எட்டுகிறது என்பதே ஊருக்கு ஊர் மாறுகிறது.

குழந்தைகள் தாமாக விரும்பிச் செயல்படுவார்கள், ஆனால் ஆராய்ந்து தேர்வு செய்யும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை என்றார் அரிஸ்டாட்டில். அப்படியானால் பழி பெற்றோர் தலையில் விழும். விழவும் செய்தது. 2006-இல், சமையல் கலைஞர் ஜேமி ஆலிவரின் பிரசாரத்தால் பள்ளிச் சாப்பாடு சத்துள்ளதாக மாறியபோது, நிலக்கரியும் எஃகும் நலிந்துபோன இங்கிலாந்தின் ராதரம் பகுதியில் சில தாய்மார்கள் பள்ளி வேலி வழியாகப் பர்கரும் சிப்ஸும் கொடுத்தார்கள். பத்திரிகைகள் அவர்களை எள்ளி நகையாடின.

கேலி செய்தவர்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை. அரசு பரிந்துரைக்கும் உணவை வாங்க, பிரிட்டனின் மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் கையில் மிஞ்சும் வருமானத்தில் ஏறத்தாழப் பாதியைச் செலவிட வேண்டியிருக்கும் என்கிறது ஃபுட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் 2023 அறிக்கை. துரித உணவுக் கடைகளும் ஏழைப் பகுதிகளில்தான் நெருக்கமாக இருக்கின்றன. பிள்ளை துப்பிவிடும் காய்கறிக்குக் காசு கொடுக்க அந்தத் தாய்க்கு வழியில்லை.

‘எல்லாம் சூழ்நிலை’ என்று கைகழுவவும் முடியாது. அதே ஏழ்மையான பகுதிகளில் பத்தில் ஏழு பிள்ளைகள் பருமனாக இல்லை. ஏழைக்கு மன உறுதியே கிடையாது என்பதும் ஒருவகை அவமதிப்புதான். ஆனால் வசதியான தாய் எப்போதாவது ‘வேண்டாம்’ என்றால் போதும்; ஏழைத் தாய் தெருவின் ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்ல வேண்டும். ஒரே அறத்தை இருவரிடமும் கேட்கிறோம், விலை மட்டும் வேறு.

2018 ஏப்ரலில் பிரிட்டன் சர்க்கரைப் பானங்களுக்கு வரி விதித்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரியில்லை. எனவே நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்தன. பத்தொன்பது மாதங்களில், 10-11 வயதுச் சிறுமியரிடையே உடல் பருமன் எதிர்பார்த்ததைவிட 8 சதவீதம் குறைந்திருந்ததைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதிகப் பலன் ஏழ்மையான பகுதிகளில். சிறுவர்களிடம் அப்படித் தெளிவான மாற்றம் தெரியவில்லை. அந்தச் சிறுமியரின் தாய்மார்களுக்கு யாரும் அடக்கத்தைப் போதிக்கவில்லை. பெருந்தீனிக்குப் பாவக் கணக்கு எழுதியே தீரவேண்டும் என்பவர்கள், பள்ளி வேலியோரம் நின்ற பெண்களை விட்டுவிட்டு, அந்தப் பானங்களை விற்றவர்களின் பெயரிலிருந்து தொடங்கட்டும்.