வணிகர் வாயில் இன்ஷா அல்லாஹ்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.



நாம் கடை வைத்துப் பிழைக்கும் இந்த வட்டாரத்தில் தஞ்சோங் காத்தோங் என்றொரு சாலை உண்டு. 'தஞ்சோங்' என்றால் மலாய் மொழியில் கடலுக்குள் நீண்ட நிலமுனை. 1966ஆம் ஆண்டில் கடலைத் தூர்க்கும் பணி தொடங்கியது. கரை வெகுதூரம் தள்ளிப் போயிற்று. முனை மறைந்தது, பெயர் மட்டும் நின்றது. மனிதரின் நாவிலும் இப்படி நேர்வதுண்டு. பொருள் போன பின்னும் சொல் புழங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு சமூகத்தின் குணத்தை அறிய அதன் அன்றாடப் பேச்சே போதும். தமிழர் விடைபெறும்போது 'போகிறேன்' என்பதில்லை. 'போய் வருகிறேன்' என்பர். உறவை அறுத்துக்கொள்ள விரும்பாத மனம் அதில் தெரிகிறது. மலாய் மக்களிடையே பொருள் கைமாறும்போது விற்பவர் 'ஜுவால்' என்றும், வாங்குபவர் 'பெலி' என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. விற்றேன், வாங்கினேன் என்பது பொருள். இரு மனமும் ஒப்பியே வியாபாரம் முடிந்தது என்பதற்கு அந்தச் சொற்களே சாட்சி.

தமிழ் வணிகர் இம்மண்ணின் மொழிக்குத் தந்தவை எவை? நமது 'கடை' மலாயில் 'கெடாய்' ஆயிற்று. 'முதல்' 'மோடால்' ஆயிற்று. 'பெட்டி'யும் 'கப்பலு'ம் அங்கே உண்டு. கப்பலில் வந்து, கடை வைத்து, முதல் போட்டு உழைத்தவர்கள் என்று மலாய் அகராதியே நம்மவரைப் பற்றிச் சொல்கிறது.

அப்படியாயின், இன்று நம் கடைகளில் அதிகம் கேட்கும் சொல் நம்மைப் பற்றி என்ன சொல்கிறது?

"சரக்கு எப்போது வரும்?" "இன்ஷா அல்லாஹ், நாளைக்கு." "பாக்கியை எப்போது தீர்ப்பீர்கள்?" "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்." கேட்டவர் வெளியே வந்து, "இனி இது நடந்தாற்போலத்தான்" என்கிறார். பக்கத்துக் கடைச் சீனர் திருமறையை ஓதியவரல்லர். நம் வாயில் கேட்ட இந்தச் சொல்லின் பொருளை நம் நடத்தையைப் பார்த்துத்தான் அவர் கற்றுக்கொள்கிறார். அல்லாஹ்வின் திருநாமத்துக்கு 'இல்லை' என்ற பொருளை அவருக்கு நாம் கற்பிக்கலாமா?

இச்சொல்லை நமக்குக் கற்றுத் தந்தது சூரத்துல் கஹ்ஃபின் 23, 24ஆம் வசனங்கள். நாளை இதைச் செய்வேன் என்று கூறும்போது இறைநாட்டத்தைச் சேர்த்தே கூற வேண்டும் என்பது அவற்றின் கருத்து. குகைத்தோழர் முதலானோரைப் பற்றிக் குறைஷியர் கேட்டபோது, 'நாளை சொல்கிறேன்' என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதையும், வஹீ தாமதித்ததையும் விரிவுரையாளர்கள் எடுத்துரைப்பர். செய்தே தீர்வது என்ற உறுதியுள்ளவன், தன் பலவீனத்தை ஒப்புக்கொண்டு சொல்லும் சொல் இது. செய்யும் எண்ணமே இல்லாதவன் ஒளிந்துகொள்ளும் திரையன்று.

அதே திருமறை, சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில், கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதிக்கொள்ளுமாறு பணிக்கிறது. இன்ஷா அல்லாஹ் என்றால் தேதி வேண்டியதில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். செய்யாததைச் சொல்வது அல்லாஹ்விடம் பெரும் வெறுப்புக்குரியது என்று சூரத்துஸ் ஸஃப் எச்சரிக்கிறது. வாக்களித்து மாறுவதை நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள்.

சகோதரர்களே! ஜூ சியாட் சாலைக் காலித் பள்ளிவாசலில் ஸஃப்பில் நின்று நாம் உச்சரிக்கும் திருநாமமும், கல்லாப்பெட்டியின் முன் உச்சரிக்கும் திருநாமமும் ஒன்றே. முடியும் என்றால் நாளையும் நேரத்தையும் குறித்துச் சொல்லி, இன்ஷா அல்லாஹ் என்போம். முடியாது என்றால், "முடியாது, மன்னியுங்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்வோம். இடையில் தடங்கல் வந்தால், கடன் கொடுத்தவர் நம் வாசலுக்கு வருமுன் நாம் அவர் வாசலுக்குப் போவோம். ஒரு விற்பனை கைநழுவலாம். சொல்லின் மதிப்பு கைநழுவக் கூடாது.

நாம் இன்ஷா அல்லாஹ் என்றதும், கேட்டவர் நிம்மதியாக வீடு திரும்பும் நாளை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக! நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.