வழிவிடுதல்

1815இல் அரசிழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கண்டியில் அமைத்த ஏரியின் கரையோரமாக, தலதா மாளிகையிலிருந்து மல்வத்தை விகாரைப் பக்கம் செல்லும் நடைபாதையில் மாலை மழை பிடித்துக்கொள்ளும் வேளை நின்று பார்ப்பவர், எதிரும் புதிருமாகக் குடைபிடித்து வருவோர் மோதிக்கொள்ளாமல் கடந்துபோகும் விதத்தைக் காணலாம். சில அடி தூரத்திலேயே உயரமானவர் தம் குடையைச் சற்றே தூக்குகிறார். மற்றவர் தம்முடையதைத் தோளோடு சரித்துக்கொள்கிறார். ஒரு வார்த்தையும் பேசாமல் காரியம் முடிந்துவிடுகிறது. எதிரே வருபவர் சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா என்று அந்தக் கைகள் விசாரிப்பதில்லை.

யாருக்கு யார் விலகுவது என்னும் இக்கேள்வியை நம் முன்னோர் அற்பமென்று எண்ணவில்லை. பாரதத்தில் கல்மாஷபாத மன்னன் குறுகிய வழியில் வசிஷ்டரின் புதல்வர் சக்திக்கு விலக மறுத்து, அவரைச் சவுக்கால் அடித்து, சாபத்தால் நரமாமிசம் தின்னும் அரக்கனாகிறான். பௌத்தரின் ஜாதகக் கதைகளுள் 151ஆவதாகிய ராஜோவாத ஜாதகம் இதே நிலைமையை வேறு விதமாகத் தீர்க்கிறது. தத்தம் குறைகளை எடுத்துச் சொல்வாரைத் தேடித் திரிந்த காசியரசன் பிரம்மதத்தனும் கோசலத்து மல்லிகனும், இருபுறமும் செங்குத்தாய் உயர்ந்த பள்ளவழியில் இரதங்களோடு எதிர்ப்படுகிறார்கள். வயது, ராஜ்யம், படை, செல்வம், குலம் அனைத்திலும் இருவரும் சமமெனக் கண்ட பின், சாரதிகள் குணத்தை ஒப்பிடுகிறார்கள்: மல்லிகன் வன்மைக்கு வன்மையும் மென்மைக்கு மென்மையும் காட்டுபவன், பிரம்மதத்தனோ கோபத்தைச் சாந்தத்தால் வெல்பவன். அதைக் கேட்ட மாத்திரத்தில் மல்லிகன் இறங்கி, குதிரைகளை அவிழ்த்து, இரதத்தை ஒதுக்கி வழிவிடுகிறான்.

பிரம்மதத்தனே போதிசத்துவன், கதை அவனைத்தான் போற்றுகிறது. என் மனமோ மல்லிகனிடமே செல்கிறது. பிறனொருவனின் மேன்மையைக் கேட்டதும், சாக்குச் சொல்லாமல், தன் சாரதியின் கண்ணெதிரே மண்ணில் இறங்கிய மன்னனைக் குணத்தில் தாழ்ந்தவனென்று எங்ஙனம் கொள்வது? அவனை இறங்கச் செய்யும் பலம் அங்கே எவருக்கும் இருக்கவில்லை.

இதைச் சொல்லும்போது இந்நகருக்கு மேலே ஹந்தானை முதலாக மலையகமெங்கும் விரிந்த தோட்டங்கள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. துரை எதிரே வந்தால் தொழிலாளி பாதையைவிட்டு இறங்கி ஒதுங்கி நின்ற காலம் ஒன்று இருந்தது. அந்த ஒதுங்கலைப் பணிவென்று புகழ்ந்தவர்களும் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். விலகாதிருக்கும் உரிமையுடையவன் விலகும்போதே அச்செயல் தர்மமாகிறது. காசியில் விலகிப்போகச் சொன்ன சங்கரரிடம், விலக வேண்டியது இந்த உடலா, உள்ளிருக்கும் ஆன்மாவா என்று கேட்ட சண்டாளரை, அவர் குருவென்று ஏற்றுப் பணிந்ததாக மரபு கூறுகிறது. துரைமாரின் பாதையில் அக்கேள்வியைக் கேட்க எம்மவருக்கு இடமிருக்கவில்லை.