ஏப்ரல் 30-இல் பிறந்த குழந்தை

பிரிட்டனில் 2015 செப்டம்பரில் கைக்குழந்தைகளுக்கு மெனிங்கோகாக்கஸ் பி வகைத் தடுப்பூசியை இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள். அந்த வருடம் மே 1-லிருந்து பிறந்தவர்களுக்கு மட்டும். ஏப்ரல் 30 இரவு பிறந்த குழந்தைக்குக் கிடையாது. இந்த ஒரு நாள் வித்தியாசம் என்னை ரொம்பத் தொந்தரவு செய்கிறது.

இந்த பாக்டீரியா பத்துப் பேரில் ஒருவர் தொண்டையில் சும்மா குடியிருக்கும். அபூர்வமாகத்தான் ரத்தத்திலோ மூளை உறையிலோ இறங்கும். இறங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். அதனால்தான் எந்த வகை, எந்த வயது என்று அங்கே வருடாவருடம் கணக்கெடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 1999-2000-இல் 2,500-ஐத் தாண்டிய நோயாளிகள் எண்ணிக்கை, ஊரடங்குக் காலமான 2020-21-இல் 80.

கோடு பிறந்ததும் இந்தக் கணக்கிலிருந்துதான். பி வகை கைக்குழந்தைகளையே அதிகம் தாக்குகிறது, ஊசியோ விலை கூடியது. செலவுக்கேற்ற பலன் இல்லை என்று 2013-இல் சொன்ன நிபுணர் குழு, விலை குறைந்தால் போடலாம் என்று 2014-இல் மாற்றிச் சொன்னது. அப்புறம் பேரம்.

2016-இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. படம் பரவியது. 11 வயது வரை எல்லோருக்கும் போடுங்கள் என்ற மனுவில் 8 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அரசு மறுத்தது. அதே பணத்தில் வேறெங்கோ பிழைக்கப்போகும் குழந்தைக்குப் படம் கிடையாது, அதற்காக யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். அந்த வாதத்தை என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை.

ஆனால் அதில் ஒன்று விட்டுப்போகிறது. 1999-இல் சி வகை ஊசி வந்தபோதும் வயதுக் கோடு இருந்தது. பதின்வயதினர் தொண்டையிலிருந்தே கிருமி குறைந்ததால் ஊசி போடாதவர்களும் தப்பினார்கள். வேலிக்கு வெளியிலும் மர நிழல் விழுந்தது. பி ஊசி அப்படியில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குப் போட்டுப் பார்த்தும் தொண்டைக் கிருமி குறையவில்லை. அப்படியென்றால் கோட்டுக்கு வெளியே நிற்பவருக்கு அரசு பட்டிருக்கும் கடன் இரண்டிலும் ஒன்றா? ஒன்றில்லை என்றே நினைக்கிறேன். பி விஷயத்தில் வெளியே என்றால் முழுக்க வெளியேதான்.

முழுக்க என்றும் சொல்லிவிட முடியாது. காசுள்ள பெற்றோர் தனியாரிடம் வாங்கிப் போட்டார்கள், 2016-இல் அங்கே தட்டுப்பாடே வந்தது. பிறந்த தேதியில் போட்ட கோடு இப்படி பர்ஸுக்கு நகர்ந்துவிட்டது. இது எந்த அட்டவணையிலும் வராது.

கைக்குழந்தைகளுக்கு அடுத்தபடியாக இந்த நோய் எட்டிப் பார்ப்பது பதின்வயதின் கடைசியில். அந்த ஏப்ரல் குழந்தைக்குப் பள்ளியில் 14 வயது வாக்கில் ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கான ஊசி உண்டு. பி அதில் இல்லை.