நாலு மணி நேரம்தானே

சிப்பாங் விமான நிலையத்திலிருந்து திருச்சி ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நாலு மணி. இங்கே காலை எட்டுக்குக் கிளம்பினால் அங்கே ஒன்பதரைக்கு இறங்கிவிடலாம். இரண்டரை மணி நேரத்தைக் கடிகாரம் திருப்பித் தந்துவிடுகிறது. ஜாசினிலிருந்து சிப்பாங் போகவே கிட்டத்தட்ட அந்த ஒன்றரை மணி ஆகும்.

நம் தாத்தாக்களுக்குக் கணக்கு வேறு. 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம். ஊரில் அம்மா செத்துப்போனார் என்று தந்தி வந்தால், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர் என்ன செய்வார்? லயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுவிட்டுத் தலைமுழுகுவார். மறுநாள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போவார். "ஏன் வரல?" என்று ஊரில் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவருக்காகக் கடலே பதில் சொல்லிவிட்டது.

விமானம் அந்தப் பதிலைப் பிடுங்கிக்கொண்டது. முடியாததை ஒருவர்மேல் கடமையாகச் சுமத்த முடியாது என்பது காண்ட் வழி வந்த சிந்தனை. அப்படியானால், முடியும் என்று ஆனவுடனே கடமையும் வந்து உட்கார்ந்துகொள்ளுமா? தாத்தாவின் 'முடியல' பேரனிடம் 'மாட்டேன்' ஆகிவிடுகிறது. அவனுக்கு அன்பு குறைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுக்குச் சாக்குதான் குறைந்திருக்கிறது.

பீட்டர் சிங்கர் 1972-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், துன்பப்படுகிறவர் பக்கத்தில் இருக்கிறாரா தூரத்தில் இருக்கிறாரா என்பது நம் கடமையை மாற்றாது என்றார். கிழக்கு வங்காள அகதிகளை மனத்தில் வைத்து, பணம் அனுப்ப வசதி இருக்கிறவர்களிடம் பேசிய பேச்சு அது. அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் சாவு வீட்டுக்குப் பணத்தை அனுப்பினால் போதாது, ஆளே போய் நிற்க வேண்டும். அங்கேதான் கிலோமீட்டர் கணக்கு பொய் சொல்கிறது.

குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். அவசரத்துக்கு வாங்கும் போக வர டிக்கெட் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். இதே மண்ணில் பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு வயதாகிப்போனவர்கள் நம் தோட்டங்களில் இருந்தார்கள், இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு? அவருக்குத் திருச்சி இன்னும் ரஜுலாவைவிடத் தூரம்.

எதிர்த்திசையிலும் பாருங்கள். மலாக்கா டவுனில் நமக்குத் தோசை ஊற்றுகிற தம்பி புதுக்கோட்டையிலிருந்து வந்திருப்பார். கடவுச்சீட்டு முதலாளியின் அலமாரியில் இருக்கலாம். சட்டப்படி தப்புதான், ஆனாலும் நடக்கிறது. அப்பாவுக்குக் கொள்ளி வைப்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லுக்குத் திரும்புகிறவர்களும் இவர்களில் உண்டு. தாத்தாவுக்கு இருந்த நாகரிகமான மறைப்புகூட இவருக்கு இல்லை. சாவு கண்முன்னே நடக்கிறது, போக வழியில்லை. ஊரிலும் கேட்கிறார்கள்: "நாலு மணி நேரம்தானேப்பா, வந்திருக்கலாமே?"

காஜா பேராங் செட்டி கிராமத்தாரின் மூதாதையர் பல நூறு ஆண்டுகளுக்கு முன் பருவக்காற்றில் வந்து, அது திரும்பக் காத்திருந்து, கடைசியில் தங்கிவிட்டவர்கள். இன்று வீட்டில் மலாய் பேசுகிறார்கள், கோயிலில் பிள்ளையார். ஏன் திரும்பவில்லை என்று அவர்களை யாரும் குற்றக் கூண்டில் ஏற்றியதில்லை.

தோசைக்கல் தம்பியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். எத்தனை நாள் லீவு கொடுத்தாய் என்று அவருடைய முதலாளியிடம் நாம் கேட்பதில்லை. அதே கடையில்தான் வாரம் மூன்று நாள் சாப்பிடுகிறோம்.