கையுறையும் கையும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பர். அங்ஙனமாயின், ஆடை ஆளை உயர்த்துவதோடு நில்லாது பிறரிடமிருந்து பிரித்தும் வைக்குமோ? சிந்திப்போம்.

கத்தோலிக்க ஆயர்கள் பெருந்திருப்பலியில் பட்டுக் கையுறை அணிந்தது பன்னூற்றாண்டு வழக்கு. அது தூய்மையின் அடையாளம். ஆயினும் காணிக்கை வேளையில் அதனைக் கழற்றிக் கை கழுவிய பின்னரே அப்பத்தைத் தொட்டனர். திருப்பணிக்கு வேண்டியது வெறுங்கையே! 1968-இல் உரோமை, அக்கையுறை அணிதலை அவரவர் விருப்பத்திற்கு விட்டது.

எளிய உடையே இதற்கு மாற்றெனலாமோ? 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, கறுப்பங்கி களைந்து காவி உடுத்தார். உயர்குலத்தார் அவரை நெருங்கினர். ஆனால் அக்கோலத்தின் ஒழுக்கமே தாழ்த்தப்பட்டோரை வெளிப்படையாக அணுகவிடாது அவரைத் தடுத்தது. அவர்களையும் அணுகத்தக்க பண்டாரசாமிகள் 1640-இல் தோன்ற நேர்ந்தது. பட்டு மட்டுமன்று, காவியும் கையுறையாகக் கூடும் என்பது இதனால் விளங்கும்.

எனவே உடையின் விலையன்று, அதனை அணிந்த கை யாரை எட்டுகிறது என்பதே உரைகல். பிழைப்பு நாடிப் பங்காருபாளையம் வந்து வாழும் நமக்கும் பதவி, படிப்பு, குலப்பெருமை எனக் கண்ணுக்குத் தெரியாக் கையுறைகள் பலவுண்டு. மனுவோடு எதிரே நிற்கும் ஏழையின் தாளை வாங்கும்போதேனும் அவற்றைக் கழற்றி வைப்போமாக!